சான்றிதழின் மூலையில் வைத்த மஞ்சள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டுச் சோற்றில்தான் வளர்ந்தன. ஐந்து பேரும் இன்று யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

பெயர் அஞ்சலை. செங்கல்பட்டில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே மாடி ஆபீஸில் பதினெட்டு வருஷம் வேலை செய்தேன். வெளிநாட்டுக்கு மொழி படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஸ்டூடன்ட் விசா வாங்க ஃபைல் தயார் செய்கிற ஆபீஸ். பெருக்குவதற்குத்தான் சேர்ந்தேன். வேலையை விட்டு நின்றபோது ஃபைல் அடுக்குகிற ஆளாக நின்றேன். எல்லாருக்கும் நான் ஆயாம்மா.

புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஓனர் போனில் சொன்னார். "ஆயாம்மா, புதுசா வந்ததுங்களுக்கு நாலு வார்த்த எழுதி அனுப்பு" என்றார். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் நல்ல தமிழில் போடுகிறாள். போடட்டும். நான் சொல்லாததைப் போடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஓனரும் இதைப் படிப்பார். அன்று அவர் பேசியதையும் சொல்லத்தான் போகிறேன். அவருக்கும் தெரியும்.

கவுன்ட்டரில் அப்போது ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற அம்மா ஒருவர் இருந்தார். தன் பேரை எங்கேயும் போடாதே என்பார், போடவில்லை. கவுன்ட்டரம்மா என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த முதல் நாள், மேஜையைத் துடைக்கும்போது தண்ணீர்ச் செம்பை ஒரு ஃபைல் மேல் வைத்தேன். அவர் எழுந்து வந்து செம்பைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"இது இன்னான்னு நெனச்ச?"

"காயிதம்மா."

"காயிதம் இல்ல, ஆளு. ஒரு பொண்ணு இங்க படுத்துகினு கீறா. அவ மேல செம்ப வெப்பியா நீ?"

அதற்கப்புறம் நான் அந்த மேஜைக்கு ஈரக் கையோடு போனதில்லை.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் காகிதம் தெரியும். மார்க் ஷீட்டின் மொடமொடப்பு வேறு, பிறப்புச் சான்றின் மெலிவு வேறு. எந்த நாட்டுக்கு எந்தக் காகிதம் மேலே, எது கீழே என்று ஒரு தடவை சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவேன். போட்டோவில் நெற்றி எண்ணெயாக மின்னினால், "மூஞ்ச கழுவிகினு வேற புடிச்சிகினு வா" என்று திருப்பி அனுப்புவேன். வருகிற பிள்ளைகள், "மொதல்ல ஆயாம்மா விசா குடுக்கணும், அப்பால தான் ஜப்பான்காரன்" என்று கிண்டல் செய்யும். எனக்கு அது பிடிக்கும்.

மஞ்சள் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் வரிசையாக மூன்று ஃபைல் விசா கிடைக்காமல் திரும்பி வந்தது. ஓனர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நாலாவது ஃபைல் சென்னைக்குக் கிளம்புகிற அன்று வெள்ளிக்கிழமை. என் முந்தானையில் அம்மன் கோயில் மஞ்சள் ஒரு முடிச்சு இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவித்தானே கொடுக்கிறோம். கடல் தாண்டிப் போகிற பிள்ளைக்கு வைக்கக் கூடாதா? கவரின் மூலையில் ஒரு பொட்டு வைத்தேன்.

விசா வந்தது. அதற்குப் பிறகு நான் மஞ்சள் வைக்காமல் ஒரு கவரும் படி இறங்கக் கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டார். கவுன்ட்டரம்மா மட்டும், "வெக்கறதுன்னா கவர் மேல வை. உள்ள கீற காயிதத்துல ஒரு சொட்டு படக் கூடாது" என்றார். சரி என்றேன். பல வருஷம் அப்படியே நடந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் விசா வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், வராதவர்கள் என்னிடம் சொல்லாமல் போனார்கள். அதனால் என் கையைப் பற்றி எனக்குள்ளே ஒரு நினைப்பு வளர்ந்துவிட்டது.

இந்த நினைப்பு இருந்த காலத்தில்தான் ஸ்டெல்லாவின் ஃபைல் வந்தது.

ஸ்டெல்லா சதுரங்கப்பட்டினத்துப் பெண். மாமல்லபுரத்தில் கல் சிலை விற்கிற கடையில் வேலை. ஜப்பானிலிருந்து வருகிறவர்கள் சிலையைத் தொட்டுத் தொட்டு ஏதோ கேட்பார்களாம், பதில் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கு அவமானமாக இருந்ததாம். அதில் தொடங்கியது. நாலு வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஒன்று விடாமல், பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, ரயில் ஏறி ஊரப்பாக்கம் போய் அந்த மொழி படித்தாள். கொஞ்சம் பேச வந்ததும் ஆசை பெரிதாகிவிட்டது. அங்கேயே போய் முழுதாகப் படித்துவிட்டு வந்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்கிற வேலை செய்ய வேண்டும். சர்ச்சுக்குப் போகிற பெண் ஞாயிறு பூசையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாளே என்று தெருவில் பேசினார்கள். அவள் அம்மா சத்துணவு சமைக்கிறவர். "அவளுக்கும் சேத்து ரெண்டு மடங்கா நான் ஜெபம் பண்ணிக்கிறேன், உங்களுக்கு இன்னா?" என்று தெருவுக்குப் பதில் சொல்வாராம்.

ஜப்பானுக்கு மொழி படிக்கப் போக வேண்டுமானால், அங்கே இருக்கிற பள்ளிக்கூடம் அந்த நாட்டு அரசாங்கத்திடம் எழுதி ஒரு தகுதிச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். இப்போது அது மெயிலில் வருகிறது. அன்று காகிதமாகத்தான் வரும், ஒன்றே ஒன்றுதான் வரும். அதைப் பாஸ்போர்ட்டோடு சென்னையில் கொடுத்தால்தான் விசா. ஸ்டெல்லாவுக்கு முதல் தடவை அங்கே சான்று கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் இரண்டாவது தடவை எழுதிப்போட ஒத்துக்கொண்டது. இதுவும் நடக்கவில்லை என்றால் மூன்றாவது தடவை கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

இரண்டாவது தடவை சான்று வந்தது. வகுப்பு தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. திங்கட்கிழமை சென்னையில் ஃபைலைக் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். சான்றை ஸ்டெல்லா கையில் வாங்கினாள், இரண்டு பேரும் பார்த்தார்கள். அடியில் சிவப்பு முத்திரை, மேலே நம்பர். அம்மா அதைத் தொடக்கூட இல்லை. கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"யக்கா, உங்க கைராசி பத்தி சொல்றாங்களே. நாங்களும் சர்ச்சுல வெச்சி வேண்டிகினோம். எங்க ஆண்டவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. நீங்களும் ஒரு தபா உங்க சாமிகிட்ட சொல்லி அனுப்புங்க."

"அம்மா, சும்மா இரும்மா" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

"நீ சும்மா இருடி. யக்கா பாத்துப்பாங்க."

அவர்கள் போன பிறகு எனக்கு மனசு நிரம்பிவிட்டது. வேற சாமி கும்பிடுகிற பொம்பளை என் கையைத் தேடி வந்து கேட்கிறாள். கவரில் வைத்தால் சென்னையில் கவரைக் கிழித்துக் குப்பையில் போடுவார்கள். இவளுக்கு அது போதாது, காகிதத்திலேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது. கவுன்ட்டரம்மாவின் பேச்சு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அது மற்றவர்களுக்குச் சொன்னது, இத்தனை வருஷம் வைத்த எனக்கு அளவு தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஓனர் சாப்பிடப் போயிருந்தார். கவுன்ட்டரம்மா போனில் இருந்தார். நான் சான்றை வெளியே எடுத்துக் கீழ் மூலையில் மஞ்சள் வைத்தேன். வழவழப்பான காகிதம், பொடி ஒட்டவில்லை. தண்ணீர் தொட்டுக் குழைத்து மறுபடி வைத்தேன். அது பொட்டாக நிற்கவில்லை. கசிந்து முத்திரையில் பாதிக்கு ஓடிவிட்டது.

புடவைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். இன்னும் பரவியது. குழாயடியில் இருந்த சோப்பை விரலில் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவந்துபோகும் என்று துணி துவைக்கிற எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? ஐந்து பிள்ளைகளுக்குத் துவைத்தவள் நான். பயம் வந்தால் தெரிந்ததும் தெரியாமல் போய்விடுகிறது. காகிதத்தின் மூலை காய்ந்த ரத்தம் மாதிரி ஆகிவிட்டது.

வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுக்கும். அது மட்டும் ஞாபகம் வந்தது. மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் நாலு பக்கமும் கல் வைத்து உட்கார்ந்தேன். கவுன்ட்டரம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா பண்ணிகினு கீற இங்க?"

"ஈரம் பட்டுச்சி. காய வெச்சேன்."

"ஈரமா? அது இன்னா செவப்பு?"

அவர் குனிந்து பார்த்தார். கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். காகிதத்தை நிழலுக்குக் கொண்டுபோய்த்தான் பேசினார்.

"எத்தினி தபா கை வெச்ச?"

"மஞ்சா வெச்சேன். தண்ணில தொடச்சேன். சோப்பு போட்டேன்."

"நாலாவது வெயிலு. முத்திரையோட மையும் சேந்து வெளுத்திருக்கும். மொத தபாவோட நின்னிருந்தா வெறும் மஞ்சா தானேடி."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும்.

உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இடம்தான். தப்பு எல்லாருக்கும் வரும். வந்த உடனே கை இன்னொரு வேலை செய்யப் பார்க்கும். அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். என் முதல் தப்பைவிட நான் அதை மறைக்கப் பார்த்த மூன்று தப்புதான் அந்தக் காகிதத்தைக் கெடுத்தது.

ஓனர் வந்தார். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வேகமாகப் பேசினார்.

"பக்கத்துக் கடையில ஸ்கேன் பண்ணி, அந்த மூலைய கம்ப்யூட்டர்ல கிளீன் பண்ணி, நல்ல காயிதத்துல கலர்ல எடுத்துட்டா இன்னா? பத்து நிமிஷ வேல."

"எடுத்தா அது டூப்ளிகேட்டு சார்" என்றார் கவுன்ட்டரம்மா. "மாட்னா நாம உள்ள போவ மாட்டோம். அந்தப் பொண்ணு பேர்ல தான் கள்ளக் காயிதம்னு எழுதுவாங்க. அப்பால எந்த நாட்டுக்கும் அவ போவ முடியாது."

"அப்போ கூரியர்ல வரும்போதே இப்டி தான் இருந்துச்சின்னு எழுது."

"மதியம் அவங்க அம்மாவும் பொண்ணும் நேர்ல பாத்துட்டு போனாங்க சார். அந்தப் பொண்ண பொய் சொல்ல சொல்றீங்களா?"

"பின்ன இன்னா தான் பண்றது? ஆபீஸ் லெட்டர்ல, எங்க ஆயா மஞ்சா தடவிட்டாங்கன்னு எழுதி அனுப்பவா? அப்பால நம்ம கிட்டேந்து போற ஒரு ஃபைல ஒழுங்கா பாப்பானா?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பயந்துவிட்டார். நானும் பயந்துதானே சோப்பு போட்டேன்.

"ஆபீஸ் எழுத வேணாம் சார். நான் எழுதறேன்" என்றேன்.

"நீயா? எழுத தெரியுமா உனக்கு?"

அதுவரைக்கும் அந்த ஆபீஸில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்ல தெரியும். கையெழுத்து போட தெரியும்" என்றேன்.

"இனிமே நீ ஃபைல் பக்கம் வர வேணாம்" என்று மட்டும் சொன்னார். நியாயம்தான்.

சனிக்கிழமை காலை கவுன்ட்டரம்மா சான்றைக் கெட்டி அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டி என்னிடமே கொடுத்தார். நான் போய் என் வாயால் சொல்லிக் காட்ட வேண்டும் என்றார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் மாமல்லபுரம் போனேன். உட்கார இடம் கிடைத்தும் அதை மடியில் வைக்க மனசு வரவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டே போனேன்.

ஸ்டெல்லாவின் கடைக்குப் பின்னால் பட்டறை. உளிச் சத்தம் நிற்கவே இல்லை. என்னைப் பார்த்ததும், "ஆயாம்மா, கடல் பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், தண்ணீர், சோப்பு, வெயில், ஓனர் பேசியது வரைக்கும். அவள் அட்டையைப் பிரித்தாள். நம்பரை மட்டும் முதலில் பார்த்தாள். அது மேலே சுத்தமாக இருந்தது. பிறகு கீழ் மூலையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் வயசான ஜப்பான் புருஷன் பெண்ஜாதி இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். ஸ்டெல்லா அட்டையை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அம்மா ஒரு சின்னக் கல் யானையின் காதைத் தொட்டு ஏதோ கேட்டார். ஸ்டெல்லா பதில் சொன்னாள். கையால் உளி பிடிக்கிற மாதிரி காட்டிச் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமை அவள் வாயில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தேன். நான் எதன் மேல் சோப்பு போட்டேன் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

அவர்கள் போனதும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சதுரங்கப்பட்டினம் தான் போவப் போறேன்."

"போவாதீங்க. சொல்லாதீங்க ஆயாம்மா. அவங்க தான உங்கள வெக்க சொல்லி கேட்டாங்க? தன்னால தான் கெட்டுச்சின்னு நெனச்சிப்பாங்க. வேற சாமிகிட்ட கேட்டதுக்கு ஆண்டவர் குடுத்த அடின்னு சொல்லுவாங்க. விசா வரலன்னா கூட நான் தாங்கிப்பேன். இத அவங்க தாங்க மாட்டாங்க."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அம்மாவைத்தான் நினைத்தாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கடிதத்தை அங்கேயே, சிலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினோம். நான் தமிழில் சொன்னேன், அவள் அந்த மொழியில் எழுதினாள். எழுதி முடித்ததும், "தமிழ்ல படி, கேப்போம்" என்றேன்.

"வேணாம் ஆயாம்மா, சரியா தான் இருக்கு."

"படி."

படித்தாள். "அலுவலகத்தில் வேலை செய்யும் வயதான பெண் ஒருவரின் கை தவறி, பூஜைக்கு வைத்திருந்த மஞ்சள் இந்தச் சான்றின் மேல் விழுந்துவிட்டது."

"கை தவறலயே" என்றேன்.

"அப்டி போட்டா நல்லா இருக்கும். உங்க வேலைக்கும் ஒண்ணும் ஆகாது."

"நான் தெரிஞ்சி தான் வெச்சேன். வெக்கக் கூடாதுன்னு தெரிஞ்சி வெச்சேன். நாளைக்கு யாராவது உன்ன கேட்டா, எனக்காவ இன்னொரு பொய் சொல்லுவியா நீ? வேற காயிதம் எடு."

எடுத்தாள். இந்தத் தடவை நான் சொன்னது மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் நல்லது நடக்க மஞ்சள் வைப்போம். இந்தச் சான்றில் நான் வைத்தேன். இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கசிந்ததும் பயந்து தண்ணீரும் சோப்பும் போட்டேன், அதுவும் நான்தான். நம்பரில் கை படவில்லை, உங்களிடம் இருக்கிற பதிவோடு பார்த்துக்கொள்ளுங்கள். என் தப்புக்கு இவளை நிறுத்த வேண்டாம். கீழே அஞ்சலை என்று எழுதினேன். நாலு எழுத்துக்கு வியர்த்துவிட்டது.

திங்கட்கிழமை சென்னை விசா ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். என்னை உள்ளே விடவில்லை, வெளியே நடைபாதையில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் காவலாளி வந்து, "அஞ்சலைன்றது யாரு?" என்றார். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசுகிற பெண் ஒருவர் என் கடிதத்தை வைத்திருந்தார்.

"இது நீங்க சொல்லி எழுதினதாம்மா?"

"ஆமாம்மா."

"இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு தான் கையெழுத்து போட்டேன்."

அவர் கடிதத்தை ஃபைலுக்குள் வைத்தார். ஃபைலை வாங்கிக்கொள்கிறோம், பதில் என்ன வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

பத்து நாள் போனது. நான் பெருக்கினேன், துடைத்தேன். ஃபைல் மேஜையை மட்டும் கவுன்ட்டரம்மாவே துடைத்துக்கொண்டார். அது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பதினோராம் நாள் ஸ்டெல்லா என்ன ஆயிற்று என்று கேட்க ஆபீஸுக்கு வந்திருந்தபோது அவள் போன் அடித்தது. ஜப்பானிலிருந்து, அந்தப் பள்ளிக்கூடத்து அம்மா. சான்று பற்றிச் சென்னை விசா ஆபீஸிலிருந்து அங்கே விசாரித்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று ஸ்டெல்லா வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஓனர், கவுன்ட்டரம்மா, துடைப்பத்தோடு நான், மூன்று பேரும் நின்று கேட்டோம். அவள் நின்றபடி பேசினாள். நடுவில் தடுமாறினாள், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வேறு மாதிரி சொன்னாள். எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது "மஞ்சள்" என்கிற ஒரு சொல்தான். அது வரும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்தேன்.

கடைசியில் அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு ஓனரைப் பார்த்தாள்.

"சார், அந்தம்மா இன்னும் வேலையில இருக்காங்களான்னு கேக்குறாங்க."

ஓனர் என்னைப் பார்த்தார், என் துடைப்பத்தைப் பார்த்தார்.

"கீறாங்கன்னு சொல்லு" என்றார்.

மூன்று நாளில் பாஸ்போர்ட் வந்தது. விசா இருந்தது. அந்தச் சான்றையும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், அங்கே போய் இறங்கும்போது காட்டுவதற்கு.

வாங்கிப் போக ஸ்டெல்லாவோடு அவள் அம்மாவும் வந்தார். சான்றை இந்தத் தடவை கையில் எடுத்தார். கீழ் மூலையில் சிவப்புக் கறையைப் பார்த்தார்.

"யக்கா" என்றார். "கவர்ல தான் வெப்பீங்கன்னு சொன்னாங்க. எம் பொண்ணுக்கு காயிதத்துலயே வெச்சி கீறீங்க. அதான் எங்க ஆண்டவரும் கேட்டாரு, உங்க அம்மனும் கேட்டுகிச்சி."

என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். கவுன்ட்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தவள். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

ஸ்டெல்லா போனாள். அவள் அம்மா சதுரங்கப்பட்டினம் முழுக்கச் சொல்லிவிட்டார். அங்கிருந்து யார் ஃபைலோடு வந்தாலும், "ஆயாம்மா, கவர்ல வேணாம், காயிதத்துலயே வெய்ங்க" என்றார்கள். நான் கவரிலும் வைப்பதை விட்டுவிட்டேன். "கவர்ல மட்டும் வையேன்" என்று ஓனர் ஒரு தடவை கேட்டார். மாட்டேன் என்றேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கவுன்ட்டரம்மா ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "அடுக்கு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு அடுக்கினேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

இப்போது உங்கள் வேலை எல்லாம் கம்ப்யூட்டரில். மஞ்சள் வைக்க அங்கே மூலை இல்லை. ஆனால் நம்பி வந்து உங்கள் முன்னால் நிற்கிறவர்கள் மாறவில்லை. உங்கள் கையைப் பற்றி உங்களுக்கே பெரிய நினைப்பு வருகிற அன்று, மேஜையிலிருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

போன வாரம் ஸ்டெல்லா அங்கிருந்து பேசினாள். புதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லப் போகிறேன், உனக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே என்று கேட்டேன்.

"எழுதுங்க ஆயாம்மா" என்றாள். "எழுதிட்டு எனக்கும் அனுப்புங்க. அடுத்த மாசம் ஊருக்கு வரேன். அம்மா பக்கத்துல உக்காந்து நானே படிச்சிக் காட்டுறேன்."

அப்படியானால் அந்த அம்மாவும் இதைக் கேட்கப் போகிறார். கண்ணில் ஒற்றிக்கொண்ட கை எது என்று அவருக்குத் தெரியப் போகிறது. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஒன்று மட்டும் அவருக்கு: தங்கச்சி, நீ கேட்டதில் தப்பில்லை. நீ சாமியிடம் சொல்லத்தான் சொன்னாய். காகிதத்தில் கை வைத்தது நான்.

கண்ணு, போதும், எழுதினது வரைக்கும் முதலிலிருந்து படி. மெதுவாகப் படி, எனக்கு அவசரம் இல்லை. நான் வைத்தேன் என்று சொன்ன இடத்தில் பாட்டிக்காக நீ எங்கேயாவது கை தவறி என்று போட்டிருந்தால், அங்கே நிறுத்து. அதை அடித்துவிட்டு மேலே போகலாம்.